ஊதுகுழலில் தண்ணீர்

நான் பயந்தாங்கொள்ளி. சின்ன வயதில் வேட்டுச் சத்தத்துக்குப் பயம், பிறகு தெருநாய்க்குப் பயம், கல்யாணத்துக்குப் பிறகு எதற்கெல்லாம் பயம் என்று எழுதினால் வீட்டில் சண்டை வரும். இப்படிப்பட்டவன் கண்ணாடி உருக்கும் உலைக்குப் பக்கத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து வேலை பார்த்தேன் என்றால் தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அங்கே நான் பட்ட பயத்தில் பாதியை அவர்கள் பட்டிருந்தால் ஊரைவிட்டே ஓடியிருப்பார்கள்.

எங்கள் வீட்டுத் தொழில் நெசவு. வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிரம், வாசலைத் தாண்டினால் தமிழ். அப்பாவும் அண்ணனும் தறியில் உட்காருவார்கள். என் காலும் கையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது என்று தெரிந்துவிட்டதால், கட்டம் போட்ட காகிதத்தில் சேலைக் கரைக்கு டிசைன் போடும் வேலையை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். யுத்தம் வந்தது. நூல் கிடைக்கவில்லை. தறி நின்றது. தறி நின்ற வீட்டில் டிசைன்காரனுக்கு என்ன வேலை? கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து வெறும் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களை உட்கார வைத்த அதே யுத்தம் கண்ணாடிக்கு வழி திறந்துவிட்டது. விளக்குச் சிம்னி, மருந்துப் புட்டி, மைக்கூடு எல்லாம் அதுவரை கப்பலில் வந்த சரக்கு. கப்பல் நின்றதும் கடைகளில் சிம்னிக்கு அடிதடி. புகையிலை வியாபாரம் செய்துகொண்டிருந்த ஒருவர் கோச்சடையில் ஆற்றங்கரையை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு உலை கட்டினார். கண்ணாடியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் கீழே போட்டால் உடையும் என்பதுதான். அதனால் வடக்கே கண்ணாடி ஊதும் ஊர் ஒன்றிலிருந்து ஒரு மேஸ்திரியை வரவழைத்தார். மேஸ்திரி முஸ்லிம். கோரிப்பாளையத்தில் அறை எடுத்துத் தங்கி, தினமும் ஆற்றைத் தாண்டி வேலைக்கு வருவார். அவர் பேசிய தமிழ் பாதிக்கு மேல் கையால் பேசியது. ஆனால் எதைச் சொன்னாலும் புரிந்துவிடும்.

ஊதுவதற்கு ஆள் எடுத்தபோது மேஸ்திரி உடம்பைப் பார்க்கவில்லை, மூச்சைப் பார்த்தார். அண்ணன் எங்கள் தெருப் பஜனை கோஷ்டியில் முன்வரிசையில் பாடுகிறவன். ஒரு வரியை அவன் இழுத்து முடிப்பதற்குள் மற்றவர்கள் இரண்டு முறை மூச்சு வாங்கிவிடுவார்கள். அவனிடம் ஒரு குழலைக் கொடுத்து ஊதச் சொன்னார் மேஸ்திரி. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அன்றே எடுத்துக்கொண்டார். தம்பி படம் போடுவான் என்று அண்ணன் சொல்ல, என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

என் வேலை, புட்டியின் உருவத்தை வரைவது. பாதிப் புட்டியை வரைந்து கொடுத்தால் போதும், அதைப் பார்த்து அச்சு செய்கிறவர் மறுபாதியைச் செய்துகொள்வார். முதலில் நான் வரைந்த மைக்கூடு சதுரமாக, மூலைகள் கூர்மையாக, பார்க்க ராஜ களையாக இருந்தது. ஊதியபோது மூலைக்குக் கண்ணாடி போய்ச் சேரவே இல்லை. போன இடத்தில் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்து, விரல் பட்டதும் பொடிந்தது. மூலையை உருட்டு, தோளைச் சரித்து விடு, காற்று எங்கே திரும்பச் சிரமப்படுமோ அங்கே கோடும் திரும்பக் கூடாது என்று மேஸ்திரி கையாலேயே காற்றில் வரைந்து காட்டினார். நூலில் போட்ட டிசைன் நான் சொன்னபடி கேட்கும். கண்ணாடி கேட்காது என்று புரிந்துகொண்டேன்.

என் மேஜை உலையிலிருந்து தள்ளி, ஜன்னலோரம், கொஞ்சம் உயரமான மேடைமேல் இருந்தது. அங்கிருந்து எல்லாம் தெரியும். தெரிந்ததுதான் என் தலைவிதி.

ஊதுகிற முறையைச் சொல்லிவிடுகிறேன். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் குழல். உலையின் வாய்க்குள் அதை விட்டு, உருகிய கண்ணாடிக் குழம்பை நுனியில் சுற்றி எடுப்பான் ஒருத்தன். எடுத்ததும் அவனே லேசாக ஒரு மூச்சு ஊதுவான். குழம்புக்குள் சின்னக் குமிழி விழும். உடனே குழலை ஊதுகிறவனிடம் நீட்டுவான். அவன் அதை அச்சுக்குள் இறக்கி முழு மூச்சு ஊத வேண்டும். அச்சு திறந்தால் உள்ளே புட்டி. புட்டியைத் தட்டி எடுத்துவிட்டுக் குழலைச் சட்டத்தில் சாய்த்து வைப்பார்கள். எடுப்பவன் மறுபடி அதே குழலோடு உலைக்குப் போவான். இரண்டு குழல்கள் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். யோசிக்க நேரம் கிடையாது, யோசித்தால் குழம்பு வழிந்து தரையில் விழுந்துவிடும்.

ஆக, ஒரே குழல் இரண்டு வாய்களுக்குப் போய் வந்தது. மேஸ்திரி ஏதாவது செய்து காட்டினால் மூன்று வாய். செம்பைத் தூக்கி அண்ணாந்து, உதட்டில் படாமல் தண்ணீர் குடிக்கிற ஊர் எங்களுடையது. எச்சில் குழலை எப்படி வாயில் வைப்பது என்று முதல் வாரம் பெரிய பேச்சு நடந்தது. கோச்சடைப் பக்கத்து விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், நகரத்திலிருந்து வந்தவர்கள், எல்லாரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். மேஸ்திரிக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் சிரித்தார். வயிறு எல்லாருக்கும் இருந்ததால் சமாதானம் சீக்கிரம் வந்தது. ஆளுக்கொரு துண்டு வைத்துக்கொள்வது, குழல் கைக்கு வந்ததும் துண்டால் ஒரு துடை துடைத்துவிட்டு வாயில் வைப்பது. அதோடு சரி. கொஞ்ச நாளில் துண்டும் மறந்துபோனது.

அண்ணன் மட்டும் மறக்கவில்லை என்பதைக் கொஞ்ச மாதம் கழித்துத்தான் கவனித்தேன். ஊதி முடித்து, குழலைச் சட்டத்தில் சாய்க்கும் முன், பக்கத்துத் தொட்டியிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் குழலின் வாய்க்குள் விடுவான். சூடு தணிவதற்காகக் குழலின் வெளிப்பக்கத்தில் எல்லாரும் தண்ணீர் தெளிப்பது உண்டு. ஆகவே யாரும் கவனிக்கவில்லை. மேடைமேல் இருந்த எனக்குத்தான் தண்ணீர் உள்ளே போவது தெரிந்தது. சரி, அப்பா பிள்ளை, எச்சிலைக் கழுவுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு ஆசாரம் அதிகம். நாங்கள் உலைக்குப் போனதே அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அண்ணனின் நடத்தையைப் பார்த்து மனசு குளிர்ந்துபோனார். வேலையிலிருந்து வந்ததும் அண்ணன் குளித்துவிட்டுத் தனியாக உட்காருவான். கடைசியாகச் சாப்பிடுவான், இலையில் மட்டும். தனக்கென்று ஒரு தம்ளர் வைத்துக்கொண்டான், அதைத் தானே கழுவித் தனி ஆணியில் மாட்டுவான். அவனுடைய மகளுக்கு அப்போது நடை பழகும் வயது. தத்தித் தத்தி அவனிடம் ஓடிவரும். கொட்டகையிலிருந்து வந்த உடம்பு, தொடாதே என்று எழுந்து போய்விடுவான். அண்ணி என்னிடம் வந்து அழுதாள். இவ்வளவு மடி எதற்கு, பெற்ற பிள்ளையைத் தூக்கினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டாள். அப்பாவோ, மூத்தவனைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று எனக்கு உபதேசம் செய்தார். பஜனைக்குப் போவதையும் அவன் நிறுத்திவிட்டிருந்தான். உலைச் சூட்டில் தொண்டை வறண்டுபோகிறது, பாட வரவில்லை என்றான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கொட்டகையில் இருமாதவன் கிடையாது. கரியும் மணல் தூசியும் எங்கள் எல்லாருடைய நெஞ்சிலும் குடியிருந்தன.

உலையிலிருந்து குழம்பு எடுப்பவனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கோச்சடைக்காரன். புதிதாகக் கல்யாணமானவன். என்னைவிடச் சின்னவன் என்பதால் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவனும் எங்கள் இருவரையும் அண்ணே என்பான். மற்ற எல்லாரும் அவனுக்கு மாப்ள. மத்தியானத்துக்கு அவன் பெண்டாட்டி கம்பங்கூழ் கொண்டுவந்து வாசலில் நிற்பாள். அவளைக் கண்டதும் உலையிலிருந்து எடுத்த குழம்பையே மறந்துவிடுவான் என்று கேலி செய்வோம். அந்த உலை வாய்க்கு முன்னால் நின்று அவன் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். எனக்கு மேடையிலிருந்து இறங்கவே கால் கூசும்.

ஒருநாள் காலையில் அவன் குழம்பை எடுத்து முதல் மூச்சு ஊத வாயை வைத்தான். டப்பென்று ஒரு சத்தம். நுனியில் இருந்த உருண்டை உப்பி வெடித்து நாலாபக்கமும் இழையாகச் சிதறியது. குழல் எகிறி விழுந்தது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எனக்கோ எழுந்து ஓட வேண்டும் என்றுதான் தோன்றியது, எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. அவன் கையை எடுத்துப் பார்த்தபோது கண் தப்பியிருந்தது. வலது கன்னத்தில், கண்ணுக்குக் கொஞ்சம் கீழே, சுட்ட கோடு ஒன்று. உதடு ஆவியில் வெந்திருந்தது.

மேஸ்திரி விழுந்த குழலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்துச் சொன்னார். புட்டியைத் தட்டி எடுத்த பிறகு குழலின் நுனியில் கொஞ்சம் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருக்கும். அது ஓட்டையை அடைத்துவிட்டால் உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. அந்தக் குழலை அப்படியே உலைக்குள் விட்டால் தண்ணீர் ஆவியாகி வெடிக்கும். ஒரு சொட்டு போதும். இன்றைக்குக் கன்னத்தோடு போனது, நாளைக்கு இரண்டு கண்ணும் போகும். இனிமேல் குழலுக்குப் பக்கத்தில் தண்ணீரே கூடாது என்று தொட்டியைக் கொட்டகையின் மறுகோடிக்குத் தள்ளச் சொன்னார். யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை. தெரியாமல் தெறித்த தண்ணீர் என்று நினைத்துவிட்டார்.

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது அண்ணனிடம் நேராகவே கேட்டேன். நீ தண்ணீர் விடுவதை நான் பார்த்திருக்கிறேன், இன்றைக்கு அவன் கண் போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்றேன். அண்ணன் நடையை நிறுத்தினான். முகம் வெளுத்துப் போயிருந்தது. இனிமேல் செய்ய மாட்டேன் என்றான். அப்பாவின் ஆசாரத்தை உலையில் நிற்கிறவன் கண்ணிலா காட்டுவது என்று நான் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் பயம் கொஞ்சம் குறையும்.

நாலைந்து நாள் ஒழுங்காக இருந்தான். அதற்குப் பிறகு ஒரு மருந்துப் புட்டி அவன் இடுப்பு மடிப்புக்கு வந்தது. நான் வரைந்த புட்டிதான், தோள் கோணி ஒதுக்கப்பட்டது. அதில் தண்ணீர் வைத்திருந்தான். ஊதி முடித்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டு புட்டியைக் குழலின் வாயில் கவிழ்ப்பான். பிறகு குழலைத் தலைகீழாகப் பிடித்து உதறுவான், நுனியைத் தரையில் தட்டுவான், ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்ப்பான். அவனுக்கும் பயம் இருந்தது. இருந்தும் நிறுத்தவில்லை.

அன்றிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. கோடு போட உட்கார்ந்தால் கண் குழலுக்குப் போகும். அண்ணன் குழலைச் சாய்ப்பான், கோச்சடைத் தம்பி எடுப்பான், உலைக்குள் விடுவான், வெளியே இழுப்பான், வாயில் வைப்பான். அந்த நேரத்தில் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொள்வேன். வெடிக்கவில்லை என்றதும் மூச்சு வரும். அடுத்த குழல் வந்துவிடும். இப்படி ஒரு நாளில் எத்தனை தடவை! தூக்கத்தில்கூட டப்பென்ற சத்தம் கேட்டு எழுந்து உட்காருவேன். அவன் பெண்டாட்டி கூழோடு வாசலில் நிற்கும்போது நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்.

மறுபடி அண்ணனைப் பிடித்தேன். இந்தத் தடவை மிரட்டினேன். மேஸ்திரியிடம் சொல்லிவிடுவேன் என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மெஷின் வர்ற வரைக்கும் பொறுத்துக்கடா. அதுக்கப்புறம் யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றான். அண்ணன் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அவனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டால் நின்றுபோன தறியும், அப்பாவும், அண்ணியும், குழந்தையும் என் ஒருவன் தலையில். அந்தப் பயமும் எனக்கு இருந்தது. எந்தப் பயத்துக்கு முதல் மரியாதை கொடுப்பது என்று தெரியாமல் திண்டாடினேன்.

மெஷின் என்றது பம்பாயிலிருந்து வரவேண்டிய கைமெஷினை. பழையதுதான். குழம்பை வெட்டி அதன் அச்சில் விட்டு நெம்புகோலை அழுத்தினால் புட்டியின் கழுத்து அமையும். பிறகு அடுத்த அச்சுக்கு மாற்றிப் பம்பிலிருந்து காற்றைத் திறந்துவிட்டால் உடம்பு உப்பும். மனுஷன் ஊதவே வேண்டாம். அது வந்தால் ஊதுகிறவர்களுக்கு வேலை போய்விடும் என்று கொட்டகையில் எல்லாரும் கலங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒருவன்தான் அது எப்போது வரும் என்று தினமும் விசாரித்தான். வேலை போகிற கவலையில் கேட்கிறான் என்று நினைத்தேன்.

மெஷின் ஒருவழியாக மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. அதற்கு அச்சு வரைவது என் பொறுப்பு. ராப்பகலாக என்று சொல்வார்களே, அப்படி வரைந்தேன். இவ்வளவு ஒழுங்காக நான் எந்தச் சேலைக் கரையையும் வரைந்ததில்லை. அச்சு வார்ப்பாகி வந்தது. பம்பு காற்றைப் பிடிக்கவில்லை. தோல் வாஷர் வெடித்துப்போயிருந்தது. அதை மாற்றினால் வேறிடத்தில் கசிந்தது. மேஸ்திரி மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு தன் மொழியில் அதைத் திட்டிக்கொண்டிருந்தார். குழல்கள் சுற்றிக்கொண்டே இருந்தன.

என் பொறுமை அத்தோடு அறுந்தது. கோழைக்கும் ஒரு கட்டத்தில் யோசனை பிறக்கும். எனக்குப் பிறந்த யோசனை இது. அண்ணன் கழுவுவது அந்நியன் எச்சில் என்பதால்தானே? கோச்சடைத் தம்பியின் இடத்தில் நான் நின்றால்? கூடப்பிறந்தவன் வாய் வைத்த குழலைக் கழுவ வேண்டிய அவசியமே இருக்காது. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அவன் அப்படியும் கழுவினால், வெடிப்பது என் முகத்தில் வெடிக்கட்டும். தம்பி முகத்தை நினைத்தாவது நிறுத்துவான்.

உலையில் நிற்கிறேன் என்று மேஸ்திரியிடம் போய்ச் சொன்னபோது அவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். பேனா பிடிக்கிற கை என்று சொல்லிச் சிரித்தார். விடாமல் கேட்டதால் பக்கத்து உலை வாயில், பழைய ஆள் ஒருவரோடு பழகிக்கொள்ளச் சொன்னார். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் உள்ளங்கை வேர்க்கிறது. உலையின் கதவைத் திறந்ததும் புருவம் பொசுங்கும் நாற்றம் வரும். கண்ணை மூடத் தோன்றும், மூடினால் குழம்பு கிடைக்காது. குழம்பு தேன் மாதிரி குழலில் சுற்றும், சுற்றுவதை நிறுத்தினால் காலில் விழும். வாய்க்குள் மந்திரம் சொல்லிக்கொண்டே சுற்றினேன். எடுத்த உருண்டைகளில் பாதி தரைக்குப் போனது. மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. சும்மா வேடிக்கை பார்க்கிறேன் என்று அவன் நினைத்திருப்பான்.

ஒரு காலைப்பொழுது. அண்ணனும் கோச்சடைத் தம்பியும் வேலையைத் தொடங்கிச் சில புட்டிகள் விழுந்திருந்தன. நான் மேடையிலிருந்து இறங்கிப் போய்க் கோச்சடைத் தம்பியிடம், இன்றைக்கு நான் எடுக்கிறேன், நீ கொஞ்சம் நில் என்றேன். அவனுக்கு ஒரே சிரிப்பு. "பாத்துண்ணே, வேட்டியில தீப்பிடிச்சா வீட்டுல எங்கள வைவாக" என்று ஒதுங்கி நின்றான். அண்ணன் அப்போதுதான் ஒரு புட்டியை ஊதி முடித்துக் குழலை வாயிலிருந்து எடுத்திருந்தான். புட்டியைத் தட்டி எடுக்க அவன் குனிந்தான். தண்ணீர் விடுவதற்கு முன்னால் குழலை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம். புட்டி கழன்றதும் அவன் கையிலிருந்து குழலைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு உலைக்கு நடந்தேன். பின்னால் அண்ணன் கூப்பிட்டது கேட்டது. திரும்பினால் தைரியம் போய்விடும் என்று திரும்பவில்லை.

குழம்பு முதல் தடவையே ஒழுங்காக வந்தது. சுற்றிக்கொண்டே வெளியே இழுத்தேன். துடைக்கவில்லை. வேண்டுமென்றேதான் துடைக்கவில்லை, அவன் பார்க்கட்டும் என்று. அண்ணனின் வாய் ஈரம் அப்படியே இருந்த குழலை வாயில் வைத்து ஒரு மூச்சு ஊதினேன். குமிழி விழுந்தது. வெடிக்கவில்லை.

அவனிடம் நீட்டத் திரும்பினேன். அண்ணன் ஓடிவந்துகொண்டிருந்தான். என் மேல் ஒருநாளும் கை வைக்காதவன், குழலை ஓங்கித் தட்டிவிட்டான். குழம்பு தரையில் விழுந்து மணலில் ஒட்டிப் புகைந்தது. என் தோள்களைப் பிடித்து உலுக்கினான். எங்கள் வீட்டு மொழியில் பேசினான், கொட்டகையில் வேறு யாருக்கும் புரியக்கூடாது என்று. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"கழுவாத குழல்ல ஏன்டா வாய வச்ச? எனக்கு ரத்தம் வருதுடா. இருமுனா ரத்தம் வருது. ஆடியிலேருந்து வருது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒரேயடியாக விளங்கியது. மற்றவர்களின் எச்சில்தான் அவனுக்கு ஆகவில்லை என்றால் வாயில் வைப்பதற்கு முன்னால் கழுவியிருப்பான். அவன் ஊதி முடித்த பிறகுதான் கழுவினான். எத்தனையோ மாதமாக மேடையில் உட்கார்ந்து அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தனித் தம்ளர், தனி இலை, தூக்காத குழந்தை, விசாரித்துக்கொண்டே இருந்த மெஷின், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. வீட்டில் ஒருத்தர்கூட அவனுக்கு உடம்புக்கு என்ன என்று கேட்கவில்லை. நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவனை ஆசாரக்காரன் ஆக்கியிருந்தோம்.

என் உதட்டில் அந்தக் குழலின் ஈரம் இருந்தது. துண்டால் தேய்த்தேன். அண்ணன் பார்க்கிறான் என்று தெரிந்தும் தேய்த்தேன். பிறகு பல வருஷம் ஒவ்வொரு இருமலுக்கும் துண்டை விரித்துப் பார்க்கிறவனாக இருந்தேன், அது வேறு கதை.

கோச்சடைத் தம்பிக்கு நாங்கள் பேசியது புரியவில்லை. எனக்குக் குழம்பு எடுக்கத் தெரியாமல் அண்ணன் கோபித்துக்கொண்டான் என்று நினைத்திருப்பான். விடுங்கண்ணே, பழகாத கைதானே என்று எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே சட்டத்திலிருந்து இன்னொரு குழலை எடுத்தான். அதுவும் அண்ணன் சற்று முன் ஊதியதுதான். கழுவினானா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணனைப் பார்த்தேன். அவன் வாயைத் திறந்தான், இருமல்தான் வந்தது. கோச்சடைத் தம்பி உலையிலிருந்து குழலை இழுத்து, ஊதுவதற்காக உயர்த்தினான்.

"வாய வைக்காத தம்பி. அண்ணனுக்கு நெஞ்சு நோய். ரத்தம் வருது" என்று நான் தமிழில் கத்தினேன்.

கொட்டகை முழுவதும் கேட்டது. மெஷினுக்கு அடியிலிருந்து மேஸ்திரி தலையை வெளியே நீட்டினார். யாரோ ஒருவர் தன் துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார். எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள், கொஞ்சம் கொஞ்சமாக, நகர்வது தெரியக்கூடாது என்பது போல. அண்ணனைச் சுற்றி ஒரு பெரிய இடம் காலியானது. அவன் இடுப்பிலிருந்து அந்த மருந்துப் புட்டியை எடுத்துத் தரையில் வைத்தான், பாதித் தண்ணீரோடு. சுவரோரம் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தான். எனக்கு அவன்மேல் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பயமாக மட்டும் இருந்தது.

கோச்சடைத் தம்பி அந்தக் குழலைக் கையில் பிடித்தபடியே நின்றான். குழம்பு நீண்டு தரைக்கு வந்தது. அவன் தரையில் இருந்த புட்டியைப் பார்த்தான், பிறகு தன் கன்னத்துத் தழும்பைத் தொட்டுப் பார்த்தான். அவனுக்கும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் விளங்கியிருக்க வேண்டும். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அடித்தால் தடுக்கிற தெம்பு எனக்கு இல்லை.

"அண்ணே, இம்புட்டு நாளும் எனக்காகவா கழுவுனீக?" என்று கேட்டான்.

அண்ணன் துண்டை மடித்து வாய்மேல் வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் அவன் கன்னத்தின்மேல் வைத்திருந்தான். கோச்சடைத் தம்பி குழலைக் கீழே போட்டுவிட்டு அவனிடம் நடந்தான். வராதே என்று அண்ணன் கையை ஆட்டினான், சுவரோடு சுவராக ஒடுங்கினான். அவன் கேட்கவில்லை. போய் அண்ணனுக்குப் பக்கத்தில், தோள் படும்படி உட்கார்ந்துகொண்டான். நானும் இரண்டடி எடுத்து வைத்தேன். அண்ணன் என்னைப் பார்த்து வேண்டாம் என்று கை காட்டினான். அவன் கை காட்டுவதற்கு முன்பே என் கால் நின்றுவிட்டிருந்தது.